எலுமிச்சம்பழமும் எண்ணெய்க் குப்பியும்

வேத பகுதி: அப்போஸ்தலர் 19:11-20

  

சில வாரங்களுக்கு முன்பு அயப்பாக்கத்தில் ஒரு விசுவாசி வீட்டுக்கு ஜெபிக்கப் போயிருந்தேன். அந்தச் சகோதரி இரட்சிக்கப்பட்டு இரண்டு வருஷம் ஆகிறது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர்கள் சந்தோஷமாய் மேலே கையைக் காட்டினார்கள். "பாஸ்டர், பாருங்க! எலுமிச்சம்பழம், மொளகா எல்லாத்தையும் அவுத்துப் போட்டுட்டேன். இப்போ ஜெப எண்ணெய்தான் கட்டியிருக்கேன். காத்து கருப்பு எதுவும் உள்ள வராது."

நிமிர்ந்து பார்த்தேன். நிலைப்படிக்கு மேலே ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி, கறுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதே கயிறு. அதே ஆணி. தொங்குகிற சாமான் மட்டும் மாறியிருந்தது.

"ஸ்தோத்திரம்மா" என்று சொல்லி உள்ளே போய் ஜெபித்துவிட்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சகோதரியைக் குற்றப்படுத்த என்னால் முடியவில்லை. அந்தக் குப்பியைக் கொடுத்தது யார்? நம்மைப்போன்ற ஊழியக்காரர்கள் அல்லவா? அந்த ராத்திரி கர்த்தர் என்னோடு பேசினதையே இங்கே எழுதுகிறேன். பாதியில் வைத்துவிடாமல் கடைசிவரை வாசியுங்கள்.

கிராமத்து மந்திரம், படித்தவர்கள் மந்திரம்

மந்திரம் மாயம் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது என்ன? பில்லி, சூனியம், ஏவல், செய்வினை. தாயத்து, தகடு, மை போட்டுப் பார்ப்பது, சோழி உருட்டுவது, கோடாங்கி உடுக்கை அடித்துக் குறி சொல்லுவது. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலையில் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வண்டியில் போய்ப் பாருங்கள். ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். திருஷ்டி போக வேண்டும் என்று ஒருவர் உடைக்கிறார். அதில் வழுக்கி விழுந்து இன்னொருவர் கை உடைகிறது!

இதெல்லாம் படிக்காத ஜனங்கள் செய்கிறது என்று நினைக்காதிருங்கள். நம்முடைய சென்னைப் பட்டணத்தின் சரித்திரமே வேறு சாட்சி சொல்லுகிறது. 1875-ல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் பிரம்மஞான சபையைத் தொடங்கினார்கள். 1882 டிசம்பரில் அதன் தலைமை இடம் அடையாறுக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்கள் இமயமலைக்கு அப்பாலிருந்து கடிதம் அனுப்புகிறார்கள், அது பூஜை அலமாரிக்குள் தானாக வந்து விழுகிறது என்று சொன்னார்கள். நம்பினவர்கள் யார்? ஆங்கிலம் படித்தவர்கள், வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், வெள்ளைக்கார துரைமார்கள்.

1884 செப்டம்பரில் அந்த வீட்டில் வேலை பார்த்த ஒரு தம்பதி கொடுத்த கடிதங்களைச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பத்திரிகை வெளியிட்டது. அற்புதங்களெல்லாம் ஏற்பாடு என்று அந்தக் கடிதங்கள் காட்டின. லண்டனிலிருந்து ஹாட்ஜ்சன் என்பவர் வந்து விசாரித்தார். 1885-ல் வெளிவந்த அவருடைய அறிக்கை அந்த அம்மையாரை வஞ்சனைக்காரி என்று தீர்த்தது. நூறு வருஷத்துக்குப் பிறகு, 1986-ல், அவரை அனுப்பின அதே சங்கத்தின் பத்திரிகையில் அந்த அறிக்கையையே குறைகூறி ஒரு கட்டுரை வந்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். அந்த அம்மையார் 1885-ல் சென்னையை விட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை. 1891-ல் லண்டனில் மரித்தார்.

அவர்கள் எல்லாரும் பொல்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. கர்னல் ஆல்காட் 1894-ல், மற்றவர்கள் தீண்டமாட்டோம் என்று ஒதுக்கின பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் வைத்தவர். அன்னி பெசன்ட் அம்மையார் தேச விடுதலைக்குப் பேசினவர். ஆனால் 1909-ல் அடையாற்றில் கிருஷ்ணமூர்த்தி என்ற பையனைக் கண்டு, இவரே உலக குருவாக வரப்போகிறவருக்குப் பாத்திரம் என்று சொல்லி, 1911-ல் அவருக்காக ஒரு சங்கமே ஏற்படுத்தினார்களே, முடிவு என்ன ஆயிற்று? 1929 ஆகஸ்டில் அவரே எழுந்து நின்று அந்தச் சங்கத்தைக் கலைத்துவிட்டார். படித்தவர்கள் இருபது வருஷம் காத்திருந்தார்கள். யாருக்காகக் காத்திருந்தார்களோ அவரே அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்!

மேல்நாட்டிலும் இதே கதைதான். 1888-ல் லண்டனில் பொன் விடியல் என்ற பேரில் ஒரு இரகசிய மந்திரச் சங்கம் தோன்றிற்று. ஆவியோடு பேசும் பலகைக்கு 1891-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி, விளையாட்டுச் சாமானாகக் கடையில் விற்றார்கள். அதைத்தான் இன்றைக்கும் ஹாஸ்டல் பிள்ளைகள் பேப்பரில் எழுத்தை எழுதி, காசை வைத்து விளையாடுகிறார்கள். 1954-ல் இங்கிலாந்தில் கார்ட்னர் என்பவர் சூனியக்காரர் மார்க்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று புஸ்தகம் எழுதினார். 1978-ல் அதே தேசத்தில் இன்னொரு கூட்டம் வந்தது. எந்தத் தேவதையும் வேண்டாம், எதை நம்பினாலும் சரி, நம்பிக்கை என்பதே ஒரு கருவி, பலன் கிடைத்தால் போதும் என்றார்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

கிராமத்துக் கோடாங்கிக்கும் லண்டன் சங்கத்துக்கும் உடையிலும் பாஷையிலும் எவ்வளவோ வித்தியாசம் உண்டு. ஆனால் சாரம் ஒன்றே. மறைவான ஒரு வல்லமை இருக்கிறது; அதைத் திருப்புகிற சாவி என் கையில் இருக்கிறது; முறைப்படி செய்தால் அது உனக்குக் கீழ்ப்படியும்; நீ மனந்திரும்ப வேண்டியதில்லை. இந்தக் கடைசி வார்த்தைதான் பிசாசின் கையெழுத்து.

இனி வரப்போகிற மந்திரம்

"பாஸ்டர், இதெல்லாம் பழைய காலம். இப்போ பசங்க கம்ப்யூட்டர்ல வேலை பாக்குதுங்க, யாரு இதையெல்லாம் நம்புறாங்க?" என்று ஒரு வாலிபத் தம்பி என்னைக் கேட்டார். நான் அவரிடம், "தம்பி, கிளி ஜோசியம் போச்சு, ஜோசியம் போகலையே" என்றேன். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். 2024 ஏப்ரலில் கடலூரில் ஒரு கிளி ஜோசியரைக்கூட வனத்துறையினர் பிடித்தார்கள். மரத்தடியில் சீட்டு எடுத்த கிளி போய்விட்டது. ஆனால் அந்தச் சீட்டு இப்போது நம் சட்டைப் பைக்குள் இருக்கிற செல்போனில் இருக்கிறது! நிமிஷத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று ஜோசியர் பேசுகிறார். பிறந்த தேதியைக் கொடுத்தால் செயற்கை அறிவு ஜாதகம் எழுதித் தருகிறது. உள்ளங்கையைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள்.

முன்பெல்லாம் குறி கேட்கப் போனால் தெருவுக்கே தெரியும். சவுல் ராஜா எந்தோருக்குப் போனபோது மாறுவேஷம் போட்டு, ராத்திரியில் போனான் (1 சாமுவேல் 28). அஞ்சனக்காரரையும் குறிசொல்லுகிறவர்களையும் தேசத்தைவிட்டுத் துரத்தினவனே அவன்தான்! இன்றைக்கு மாறுவேஷம் வேண்டாம். போர்வைக்குள் படுத்துக்கொண்டே எந்தோருக்குப் போய் வரலாம். பக்கத்தில் படுத்திருக்கிற மனைவிக்குக்கூடத் தெரியாது.

மரித்தவர்களோடு பேசுகிற காரியமும் இப்படியே ஆகிறது. 2024 ஜனவரியில் ஒரு தமிழ்ச் சினிமாப் பாட்டில், மரித்துப்போன இரண்டு பாடகர்களின் குரலைக் கம்ப்யூட்டர் மூலமாய் மறுபடியும் பாட வைத்தார்கள். அவர்கள் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் செய்தார்கள்; அதை மந்திரம் என்று நான் சொல்லவில்லை. 2020-ல் தென்கொரியாவில் ஒரு டி.வி. நிகழ்ச்சியில், இறந்துபோன சிறு மகளின் உருவத்தைக் கண்ணாடிக் கருவியில் தாய்க்குக் காண்பித்தார்கள். அந்தத் தாய் கையை நீட்டித் தொடப்பார்த்தாள். அவள் அழுததைப் பழிக்க எனக்கு மனம் இல்லை. ஆனால் நாளைக்குப் பட்டாபிராமில் ஒரு துக்க வீட்டில், "உங்க அப்பா பேசுறாரு, பணம் கட்டுங்க" என்று யாராவது சொன்னால் என்ன செய்வோம்? ஜீவனுள்ளவர்களுக்காக மரித்தவர்களிடத்தில் விசாரிக்கலாமா என்று ஏசாயா 8:19-ல் கர்த்தர் கேட்ட கேள்வி இன்னும் பழையதாகவில்லை.

பழைய மந்திரமும் புதிய கருவியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2022 அக்டோபரில் நாம் கேட்டு நடுங்கின சம்பவமே சாட்சி. கேரளாவில் பத்தனம்திட்டா மாவட்டத்து இலந்தூரில், லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்த இரண்டு ஏழைப் பெண்கள் நரபலியாகக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் நம்முடைய தர்மபுரிக்காரர். ஐசுவரியம் வரும் என்று ஒரு தம்பதிக்கு ஆசை காட்டினவன், ஃபேஸ்புக்கில் ஒரு பெண்ணின் பேரில் பொய்க் கணக்கு வைத்து அவர்கள் நம்பிக்கையைப் பெற்றான் என்று போலீசார் சொன்னார்கள். கருவி புதியது; இரத்தம் கேட்கிற ஆவி பழையது.

இன்னொரு பக்கம், மந்திரம் பயங்கர வேஷத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்த முகத்தோடும் வருகிறது. ராசிக்கல், எண் கணிதம், பேர் மாற்றம், வாஸ்து, சீட்டுக்கட்டு ஜோசியம். 2006-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு படமும் புஸ்தகமும் வந்து, நீ எதை நினைக்கிறாயோ அதைப் பிரபஞ்சம் உனக்குக் கொண்டுவரும் என்று உலகமெங்கும் பரவிற்று. இதில் பிசாசும் இல்லை, தேவனும் இல்லை. நானும் என் ஆசையும் மாத்திரமே. வருங்கால மந்திரவாதிக்கு ஜடாமுடி இருக்காது, பிரியமானவர்களே. அவர் நன்றாக உடுத்திக்கொண்டு, "பாசிட்டிவா நினைங்க" என்பார்.

சபைக்குள் வந்த மந்திரம்

இதுவரைக்கும் வாசித்து "ஆமென்" சொன்னவர்கள் இனிமேலும் ஆமென் சொல்லவேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

எபேசு பட்டணம் மந்திரத்துக்குப் பேர்போன பட்டணம். அர்த்தமே விளங்காத ஆறு மந்திரச் சொற்களை எபேசின் எழுத்துக்கள் என்று சொல்லி, நம்மவர்கள் தகடு கட்டுகிறதுபோல எழுதிக் கட்டிக்கொள்ளுகிற வழக்கம் அந்நாட்களில் இருந்தது. அங்கேதான் ஸ்கேவாவின் குமாரர் ஏழுபேர், பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் பேரால் பிசாசைத் துரத்தப் பார்த்து, நிர்வாணமாய், காயத்தோடு ஓடினார்கள். அவர்களுக்கு இயேசு ஆண்டவர் அல்ல. ஒரு மந்திரச் சொல். இது ஏதோ ஒரே ஒரு தடவை நடந்தது என்று நினைக்கவேண்டாம். எகிப்தில் கிடைத்த நாலாம் நூற்றாண்டு மந்திரச் சுவடி ஒன்று இப்போது பாரிஸ் நூலகத்தில் இருக்கிறது. பிசாசு ஓட்டுகிற மந்திரத்தில், எத்தனையோ தேவதைகளின் பேர்களுக்கும் விளங்காத சொற்களுக்கும் நடுவே இயேசுவின் பேரையும் எழுதி வைத்திருக்கிறார்கள்!

அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். மந்திரப் புஸ்தகங்களைக் கொண்டுவந்து கொளுத்தினவர்கள் யார்? 18-ம் வசனத்தை மெதுவாய் வாசியுங்கள். விசுவாசித்தவர்கள் வந்து தங்கள் செய்கைகளை அறிக்கையிட்டார்கள் என்று இருக்கிறது. அதாவது, சபைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் வீட்டிலும் பரண்மேல் அந்தப் புஸ்தகங்கள் இருந்தன. பவுல் அங்கே இரண்டு வருஷத்துக்குமேல் பிரசங்கம் பண்ணியும் இருந்தன! விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசை ஒரு நாள் கூலி என்று வைத்துக்கொண்டால், ஒருவன் வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் 160 வருஷத்துக்கு மேல் சம்பாதிக்கவேண்டிய தொகை. அதை விற்றுக் காணிக்கை போடவில்லை. கொளுத்தினார்கள். அந்தப் பட்டணத்தில் வசனம் பலமாய் விருத்தியடைந்தது அதற்குப் பிறகுதான்.

இப்போது நம்முடைய பரணைப் பார்ப்போம். ஜெப எண்ணெய், ஜெபித்த கர்ச்சீப், ஆசீர்வாத உப்பு. போனில் தீர்க்கதரிசனம் சொல்ல முன்பணம். வருஷத் தொடக்கத்தில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். நல்ல வசனம் வரவில்லை என்று இன்னொரு தடவை எடுக்கிறவர்கள் நம் சபையிலேயே உண்டு. கிளி எடுத்தால் ஜோசியம், நாம் எடுத்தால் வாக்குத்தத்தமா? இத்தனை தடவை இந்த வார்த்தையைச் சொல்லு, விசுவாசமாய்ச் சொல்லு, கார் வரும், வீடு வரும் என்கிறார்கள். நம்பிக்கையே கருவி, பலன் கிடைத்தால் போதும் என்று 1978-ல் சொன்னவர்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இயேசுவின் பேரைக் கடைசியில் சேர்த்துக்கொண்டோம், அவ்வளவுதானே! அதைத்தானே ஸ்கேவாவின் குமாரரும் செய்தார்கள்?

"பவுலின் உறுமாலைப் போட்டவுடனே வியாதி நீங்கினதே, யாக்கோபு எண்ணெய் பூசச் சொன்னாரே" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்த அற்புதங்களைத் தேவன் செய்தார் என்று 11-ம் வசனம் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. பவுல் உறுமாலுக்கு விலை வைக்கவில்லை. யாக்கோபு 5-ம் அதிகாரத்தில் மூப்பர்கள் வியாதியஸ்தன் வீட்டுக்கே வருகிறார்கள், ஜெபிக்கிறார்கள், ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுகிறார்கள். எண்ணெய் அதற்குள் ஒரு அடையாளம். நாமோ மூப்பரையும் அறிக்கையையும் விட்டுவிட்டுக் குப்பியை மாத்திரம் எடுத்துக்கொண்டோம். தேவனே செய்யச் சொன்ன வெண்கலச் சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபங்காட்டத் தொடங்கினபோது, எசேக்கியா ராஜா அதை நிகுஸ்தான் என்று சொல்லி உடைத்துப்போட்டார் (2 இராஜாக்கள் 18:4). உடன்படிக்கைப் பெட்டியையே தாயத்தைப்போல யுத்தத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்; முப்பதினாயிரம் பேர் மடிந்தார்கள், பெட்டியும் போயிற்று (1 சாமுவேல் 4). தேவன் கொடுத்த பொருளானாலும், தேவனை விட்டுவிட்டு அதைப் பிடித்தால் அது மந்திரமே.

"ஆனா அவர் சொன்னது அப்படியே பலிச்சுது பாஸ்டர்" என்பீர்கள். பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லுகிற ஆவியுள்ள பெண் பவுலைக் குறித்துச் சொன்னதும் பொய்யல்லவே (அப்போஸ்தலர் 16)! பவுல் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாமல், அந்த ஆவியைத் துரத்தினார். பலித்தது என்பது கர்த்தரிடத்திலிருந்து வந்தது என்பதற்கு அத்தாட்சி அல்ல.

நான் செய்த பாவம்

இதைச் சொல்லாமல் மேலே சொன்னதெல்லாம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா முடித்து ஊழியத்துக்கு வந்த புதிது. ஆவடிப் பக்கம் ஒரு குடும்பம். ஒன்பது வயதுப் பெண் பிள்ளைக்குத் திடீர் திடீரென்று வலிப்பு. பிள்ளையின் தாய் என் காலில் விழாத குறையாக அழுதாள். "பாஸ்டர், எம்புள்ளைக்கு யாரோ என்னமோ வச்சுட்டாங்க. யாருன்னு மட்டும் சொல்லுங்க." மூன்று நாள் உபவாசம் இருந்தேன். மூன்றாம் நாள், எனக்குக் கர்த்தர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். ஊழியக்காரன் வெறுங்கையோடு எழுந்தால் ஜனம் என்ன நினைக்கும்? கண்ணை மூடிக்கொண்டு, "வாசப்படியில ஏதோ இருக்கு. உங்க சொந்தத்துலயே ஒரு பொம்பளை" என்று சொல்லிவிட்டேன்.

தாய்க்கு உடனே தன் ஓரகத்தி ஞாபகம் வந்தது. இரண்டு பேருக்கும் ஏற்கெனவே மனத்தாங்கல். வாசற்படியைத் தோண்டினோம். துருப்பிடித்த ஒரு ஆணியும் கிழிந்த துணியும் கிடைத்தது. வீடு கட்டினவர்கள் விட்டுப்போனது என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று நான் அல்லேலூயா என்று கத்தினேன். அண்ணன் தம்பி குடும்பம் அன்றோடு பிரிந்தது. மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்துப் பிள்ளை வலிப்பில் விழுந்து, தலையில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒரு சின்னக் கட்டி. நாடாப்புழுவின் முட்டை, சுத்தமில்லாத தண்ணீரிலும் கழுவாத காய்கறியிலும் இருந்து வயிற்றுக்குள் போய், குஞ்சு மூளையில் தங்குவதால் வருகிற வியாதி. நம் தேசத்தில் வலிப்புக்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று டாக்டர் சொன்னார். மருந்து கொடுத்தார்கள். பிள்ளை சுகமானாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

ஆனால் அந்த ஓரகத்தி? தெருவில் சூனியக்காரி என்ற பேரோடு அவர்கள் இருந்தார்கள். பிள்ளை சுகமாகியும் எத்தனையோ வருஷம் அவர்களைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் ஒருநாள் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "ஒரு மந்திரவாதி சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன், ஐயா. நீங்க இயேசு பேரைச் சொல்லிச் சொன்னீங்க. அப்புறம் நான் யாருகிட்டப் போறது?"

பிரியமானவர்களே, அன்றைக்கு அந்த வீட்டில் மந்திரவாதி யார்? நான்தான். வெள்ளைச் சட்டை போட்டு, கையில் வேதாகமம் வைத்திருந்த மந்திரவாதி.

பிசாசு இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறான், இயேசுவின் நாமத்தில் ஓடுகிறான், என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் மத்தேயு 4:24-ஐ வாசித்துப் பாருங்கள். பிசாசு பிடித்தவர்களைத் தனியாகவும், சந்திரரோகிகளைத் தனியாகவும் பரிசுத்த ஆவியானவர் எழுதி வைத்திருக்கிறார். மாற்கு 9-ம் அதிகாரத்தில் பிசாசு பிடித்த பையனின் தகப்பனிடம் நம் ஆண்டவர், இது எவ்வளவு காலமாய் இருக்கிறது என்று விசாரித்தார். யார் வைத்தது என்று கேட்கவில்லை. யோவான் 9-ல் சீஷர்கள் இது யார் செய்த பாவம் என்று கேட்டபோது, ஒருவரையும் கைகாட்ட மறுத்துவிட்டார். 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து மாண்டார்கள். அது வேறு மதத்தார் இடம் என்று கைகாட்டாதிருங்கள். ஜெப வீடு என்ற பேரில் பிள்ளைகளைக் கட்டி வைக்கிறவர்கள் நம்மிலும் உண்டு.

இனி என்ன செய்வோம்?

இந்த மாதம் உபவாச ஜெபத்தில் சில காரியங்களைத் தீர்மானிப்போம்.

வீட்டில் தாயத்து, தகடு, ராசிக்கல் மோதிரம் இருந்தால் கொண்டுவாருங்கள். போனில் ஜோசியம் இருந்தால் அழித்துவிடுங்கள். ஒருவரும் உங்களைக் கேலி பண்ணமாட்டோம். ஜெப எண்ணெய்க் குப்பியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதை நம் சபையில் நிறுத்திவிட்டோம். வியாதி என்றால் கூப்பிடுங்கள். மூப்பர்களோடு நானே வருகிறேன், எண்ணெய் பூசி ஜெபிக்கிறேன். காணிக்கை வேண்டாம்.

யார் செய்வினை வைத்தது என்று எந்த ஊழியக்காரரிடமும் கேட்காதிருங்கள். என்னிடமும் கேட்காதிருங்கள். ஓரகத்தி, மாமியார், பக்கத்து வீட்டுக்காரர் பேரைச் சொல்லுகிற தீர்க்கதரிசனத்துக்கு உடனே ஆமென் சொல்லாதிருங்கள். ஜெபியுங்கள், மாத்திரையும் சாப்பிடுங்கள். டாக்டர் நிறுத்தச் சொன்னால் மாத்திரம் நிறுத்துங்கள்.

குடுகுடுப்பைக்காரர் வாசலுக்கு வந்தால் விரட்டாதிருங்கள். தண்ணீர் கொடுத்து, இயேசுவைச் சொல்லுங்கள். பிலிப்பு சமாரியாவுக்குப் போனபோது, மாயவித்தைக்காரனாகிய சீமோனும் அந்தச் சுவிசேஷத்தைக் கேட்டான். அவன் வல்லமையைப் பணத்துக்கு வாங்கப் பார்த்தபோது பேதுரு அவனைக் கடிந்துகொண்டார். ஆனாலும் மனந்திரும்பி ஜெபம் பண்ணு என்று வாசலைத் திறந்தே வைத்தார் (அப்போஸ்தலர் 8). அந்த வாசல் எனக்கும் திறந்திருந்தது. உங்களுக்கும் திறந்திருக்கிறது.

மந்திரம் என்பது வல்லமையை என் சித்தத்துக்கு வளைப்பது. ஜெபம் என்பது என்னை அவர் சித்தத்துக்கு ஒப்புக்கொடுப்பது. கெத்செமனேயில் நம்முடைய ஆண்டவர் பாத்திரம் நீங்கவேண்டும் என்று கேட்டார், நீங்கவில்லை. அந்த ஜெபம் தோற்றுப்போன ஜெபமா? அந்த ஜெபத்தினால்தான் நீங்களும் நானும் இன்று உயிரோடு இருக்கிறோம். இது ஒரு மந்திரவாதிக்கும் விளங்காது.

போன வாரம் மறுபடியும் அயப்பாக்கம் போனேன். நான் எழுதியிருப்பதையெல்லாம் அந்தச் சகோதரிக்குச் சொன்னேன். என் தப்பையும் சேர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "அப்போ வாசலுக்குக் காவல் எதுவும் வேணாமா பாஸ்டர்?" என்று பயத்தோடு கேட்டார்கள். "காக்கிறவர் உள்ள இருக்காரும்மா" என்றேன். உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்கள். குப்பியை இறக்கினேன். கயிற்றை அறுத்தேன். அதோடு விடவில்லை, அந்த ஆணியையும் பிடுங்கிவிட்டேன்.

உங்கள் வீட்டு ஆணி எது? கர்த்தர் தாமே உங்களோடு பேசுவாராக. ஆமென்! அல்லேலூயா!

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்